உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கணினிக் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நோவைத்தான் சொல்கின்றன: அனுப்பிய மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை, அல்லது நாம் அனுப்பாத மின்னஞ்சல் நம் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகவே பிரிண்டரில் காகிதம் சிக்குவது, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிவது எல்லாவற்றையும் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். புதிய வாசகர்களுக்கு ஒன்று: கணினிக் கடை வைப்பதற்கு முன் நான் மதுரை ஜங்ஷனில் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில் இரவெல்லாம் நின்று ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. பதில்களில் அது தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மல்லிகைப் பூ ஏற்றுமதி செய்கிறோம். சிங்கப்பூர் வியாபாரிக்கு இன்வாய்ஸ் அனுப்பினால் அவருடைய ஸ்பேம் பெட்டியில் போய் விழுகிறது. பூ விமானம் ஏறிவிடுகிறது, காகிதம் போய்ச் சேருவதில்லை. அவர் போனில் கத்திய பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். டொமைனுக்கு, அதாவது எங்கள் இணையப் பெயருக்கு, மூன்று ரெக்கார்டு போட வேண்டும், ஐயாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் இணையதளம் செய்துகொடுத்த தம்பி. அது என்ன மூன்று? ஐயாயிரம் நியாயம்தானா?
– பூ வியாபாரி, மாட்டுத்தாவணி

பதில்: ரெக்கார்டு என்பது டொமைனைப் பற்றி ஊரறிய எழுதி வைக்கும் ஒரு வரிக் குறிப்பு. அதைப் போடுவதற்கு டொமைன் விற்றவர்கள் தனியாகக் காசு வாங்குவதில்லை. தம்பி கேட்பது கூலி. யோசித்துச் செய்கிறவர் என்றால் தாராளமாகக் கொடுங்கள். எங்கிருந்தோ மூன்று வரியை நகலெடுத்து ஒட்டுகிறவர் என்றால் ஐந்நூறே அதிகம். அவர் எந்த ரகம் என்று அறிய ஒரு கேள்வி போதும்: "தம்பி, எங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது?" பட்டென்று பதில் சொன்னால் சந்தேகப்படுங்கள். அதையே உங்களிடம் திருப்பிக் கேட்டால் வேலை தெரிந்தவர்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அந்தப் பக்கம் எனக்கு வேறு வேலை இருந்தது. உங்கள் அலுவலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததை மற்ற வாசகர்களுக்காகவும் எழுதுகிறேன். ஈரச் சாக்கில் அரும்பு கொட்டிக் கிடக்கிறது, பக்கத்தில் தெர்மோகோல் பெட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு நடுவில் ஒரு கணினி. உங்கள் கணக்குப்பிள்ளையை என்னுடைய ஜிமெயிலுக்கு இரண்டு கடிதம் அனுப்பச் சொன்னேன். ஒன்று அவர் கையால் தட்டச்சு செய்தது. இன்னொன்று, பில் போடும் மென்பொருள் தானாக அனுப்பும் இன்வாய்ஸ். முதலாவது ஒழுங்காக வந்தது. இரண்டாவது நேராக ஸ்பேமுக்குப் போனது. ஆக, நோய் உங்கள் டொமைன் முழுவதற்கும் இல்லை, இன்வாய்ஸுக்கு மட்டும்தான். இதைப் பார்க்காமல் ரெக்கார்டு எழுதுவது, நாடி பிடிக்காமல் கஷாயம் கொடுப்பது.

ஜிமெயிலில் வந்த கடிதத்தைத் திறந்து, வலது ஓரத்து மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று ஒரு வரி இருக்கும். அதில்தான் உண்மை வெளியே வரும். எஸ்.பி.எஃப்., டிகிம் என்பவை தம்பி சொன்ன மூன்றில் இரண்டு, விளக்கம் கீழே வருகிறது. கணக்குப்பிள்ளையின் கடிதத்தில் எஸ்.பி.எஃப். பாஸ், டிகிம் பாஸ். இன்வாய்ஸில் எஸ்.பி.எஃப். 'சாஃப்ட்ஃபெயில்' (சந்தேகம், ஆனால் அடியோடு தள்ளவில்லை), டிகிம் என்ற வரியே இல்லை. தம்பி சொன்ன மூன்றில் ஒன்றை யாரோ ஏற்கனவே அரைகுறையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த மூன்று என்ன என்று பார்ப்போம். ஆர்.எம்.எஸ்.ஸில் நான் கடிதம் பிரித்த காலமெல்லாம் பெறுநரின் பின்கோடை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். 623 என்றால் ராமநாதபுரம், 624 திண்டுக்கல், 626 விருதுநகர், கை தானாக அந்தந்த அறைக்குப் போகும். அனுப்புநர் முகவரி உண்மையா பொய்யா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை, பார்க்கச் சொல்லி விதியும் இல்லை. 1982-இல் மின்னஞ்சலுக்கு எழுதிய எஸ்.எம்.டி.பி. விதியும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் யார் பெயரை வேண்டுமானாலும் அனுப்புநராகப் போடலாம். பின்னாளில் அந்த ஓட்டையை அடைக்க வந்தவைதான் இந்த மூன்று.

எஸ்.பி.எஃப். என்பது, "எங்கள் பெயரில் கடிதம் போட இன்னின்ன சர்வர்களுக்கு மட்டும் அனுமதி" என்று டி.என்.எஸ்.ஸில் ஒட்டி வைக்கும் பட்டியல். டி.என்.எஸ். ஊர்ப் பொது அறிவிப்புப் பலகை மாதிரி, யாரும் படிக்கலாம், டொமைனுக்கு உரியவர் மட்டுமே ஒட்டலாம். உங்கள் பட்டியலில் கூகுள் மட்டும் இருக்கிறது. பில் மென்பொருளோ வேறு ஒரு சர்வரிலிருந்து அனுப்புகிறது. ஆகவே ஜிமெயில் அதை ஓரக்கண்ணால் பார்க்கிறது.

இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. எஸ்.பி.எஃப். பார்ப்பது கடிதத்தின் தலைப்பில் நீங்கள் காணும் அனுப்புநர் முகவரியை அல்ல. உறையின் பின்பக்கத்தில், 'சேராவிட்டால் இங்கே திருப்புக' என்று எழுதுவோமே, அதைப் போன்ற 'ரிட்டர்ன் பாத்' முகவரியை. சில மென்பொருள்களில், உள்ளே லெட்டர்பேடு (கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரி) உங்களுடையதாக இருக்கும், உறையின் பின்னால் மென்பொருள் நிறுவனத்தின் முகவரி இருக்கும். அப்போது எஸ்.பி.எஃப். பாஸ் ஆகும், ஆனால் அந்த நிறுவனத்தின் பெயரில். உங்களுக்கு அதனால் காலணா பிரயோசனமில்லை.

டிகிம், அரக்கு முத்திரை. இன்ஷ்யூர் செய்த தபாலில் அரக்கை உருக்கி, அனுப்புகிறவர் தம் சொந்த முத்திரையைப் பதிப்பார். அது சிதைந்திருந்தால் வழியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். டிகிம் அதையே கணக்காகச் செய்கிறது: அனுப்பும் சர்வர் ஒரு ரகசியச் சாவியால் கடிதத்தில் கையெழுத்திடும், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டி.என்.எஸ்.ஸில் தொங்கும். உங்கள் கணக்குப்பிள்ளையின் கடிதத்தில் டிகிம் பாஸ் என்று இருந்ததே, அதைக் கண்டு மகிழ வேண்டாம். அந்தக் கையெழுத்து கூகுள் தன் பெயரில் போட்டது. 'கேப்ஸ் எஸ்எம்டிபி' என்று முடியும் பெயர் இருந்தால் அது இரவல் முத்திரை என்று அறிக.

டிமார்க், வாசலில் நிற்பவருக்கு விடும் உத்தரவு. மேற்சொன்ன இரண்டில் ஒன்றாவது தேறியிருக்க வேண்டும், தேறிய பெயரும் லெட்டர்பேடில் உள்ள டொமைனும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் என்ன செய்வது? சும்மா விடுவதா, ஸ்பேமில் போடுவதா, வாசலிலேயே திருப்பி அனுப்புவதா? அதை நீங்கள் சொல்லலாம்: முறையே 'நன்', 'குவாரன்டைன்', 'ரிஜெக்ட்'.

உங்களுக்கு என் யோசனை: பில் மென்பொருளின் செட்டிங்கில் எஸ்.எம்.டி.பி. என்ற இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அதில் கூகுளின் சர்வரையும் உங்கள் அலுவலகக் கணக்கையும் கொடுத்துவிடுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை அங்கே போடாதீர்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி 'ஆப் பாஸ்வேர்டு' எடுத்துப் போடுங்கள். இன்வாய்ஸும் கூகுள் வழியாகவே போகும், எஸ்.பி.எஃப். பட்டியலைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, கூகுள் நிர்வாகப் பக்கத்தில் டிகிம் சாவி உருவாக்குங்கள், 2048 பிட். அதை ஒட்ட வேண்டிய பெயர்: கூகுள், புள்ளி, அடிக்கோடு, டொமைன்கீ. சாவி 255 எழுத்துக்கு மேல் நீளும். சில டொமைன் கம்பெனிகளின் பேனல் அதை வாங்காமல் முரண்டு பிடிக்கும். அப்போது இரண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும், நடுவில் ஓர் எழுத்தும் உதிரக் கூடாது. ஒட்டிவிட்டுக் கூகுள் பக்கத்துக்குத் திரும்பி வந்து 'ஸ்டார்ட் ஆதென்டிகேஷன்' பொத்தானை அழுத்துங்கள். பத்தில் ஆறு பேர் இதை மறந்துவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

இரண்டும் இரண்டு நாள் ஓடட்டும். 48 மணி நேரம் கழித்து டிமார்க் போடலாம். பெயர் என்ற கட்டத்தில் அடிக்கோடும் டிமார்க்கும் மட்டும் இடுங்கள். டொமைன் பெயரைச் சேர்த்து எழுதினால் பல பேனல்கள் தாமும் ஒருமுறை சேர்த்துவிடும், 'மதுரை ஜில்லா மதுரை ஜில்லா' என்று விலாசம் எழுதியது போலாகிவிடும். முதலில் 'நன்' மட்டும். அறிக்கை வர ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுங்கள்.

எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்து கெட்டிருக்கிறேன். ஒரு டிராவல்ஸுக்கு, பொங்கலுக்கு முந்தின வாரம், கெத்தாக ரிஜெக்ட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அலுவலகத்திலிருந்து போகும் கடிதங்களை மட்டும் சோதித்தேன். டிக்கெட்டை அனுப்புவது வேறொரு முன்பதிவு சர்வர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்று இரவு ஆம்னி பஸ் நிலையத்தில் பெட்டியும் பிள்ளையுமாக நின்றவர்களில் ஒருவரிடமும் டிக்கெட் இல்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. பஸ் புறப்படும்வரை பக்கத்தில் நிற்கவைத்துப் பயணிகளின் பெயர்களை என் கையால் எழுதவைத்தார்.

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 கடிதம் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம் என்று கூகுள் சொல்லிவிட்டது, யாஹூவும் சேர்ந்துகொண்டது. நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். ஆனால் சிறிய ஆட்களுக்கும் எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். இன்னொன்று, மூன்றும் பாஸ் ஆனால் இன்பாக்ஸ் உறுதி என்று தம்பி சொன்னால் நம்பாதீர்கள். கடிதம் நீங்கள் அனுப்பியதுதான் என்பது மட்டும்தான் நிரூபணமாகும், நீங்கள் நல்லவரா என்பது அல்ல. இத்தனை நாள் ஸ்பேமில் விழுந்த பழக்கம் மாற, சிங்கப்பூர்க்காரரை நாலைந்து முறை 'ஸ்பேம் அல்ல' என்று அழுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: சுங்குடிச் சேலைக் கடை. வாடிக்கையாளர்களுக்குப் புது டிசைன் படம் அனுப்ப ஒரு மொத்த மின்னஞ்சல் சேவையில் சேர்ந்தேன். அவர்கள் கொடுத்த எஸ்.பி.எஃப். வரியையும் சேர்த்தேன். அன்றிலிருந்து பழைய மின்னஞ்சலும் ஸ்பேமுக்குப் போகிறது!
– கடை உரிமையாளர், சின்னாளபட்டி

பதில்: அம்மா, பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழே இரண்டாவதாக ஒன்று போட்டிருக்கிறீர்கள். ஒரு டொமைனுக்கு ஓர் எஸ்.பி.எஃப்.தான். இரண்டு இருந்தால் எது உண்மை என்று ஆராய மாட்டார்கள், இரண்டையும் தள்ளி 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்று எழுதிவிடுவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்ப அட்டை காட்டினால் ரேஷன் கடைக்காரர் என்ன செய்வார்?

இரண்டையும் ஒன்றாக்குங்கள். போனில் சொல்வதுபோலச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: வி, சமக்குறி, எஸ்பிஎஃப்1. இடைவெளி. இன்க்ளூட், முக்காற்புள்ளி, பழைய சேவையின் பெயர். இடைவெளி. இன்க்ளூட், முக்காற்புள்ளி, புதிய சேவையின் பெயர். இடைவெளி. கடைசியாகச் சுருள்கோடும் 'ஆல்' என்ற சொல்லும், ஒட்டினாற்போல். 'ஆல்' கடைசியில்தான் வர வேண்டும், அதற்குப் பின்னால் எழுதுவதை எவரும் படிக்க மாட்டார்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாதீர்கள்.

புதுப்புதுச் சேவைகளைச் சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது. எஸ்.பி.எஃப்.பைச் சரிபார்க்க டி.என்.எஸ்.ஸில் 10 முறைக்கு மேல் தேட வேண்டியிருந்தால் அதுவும் பெர்ம்எரர். ஒவ்வொரு இன்க்ளூட்டுக்குள்ளும் வேறு இன்க்ளூட்கள் ஒளிந்திருக்கும், அவையும் கணக்கில் சேரும். விட்டுப்போன சேவைகளின் பெயரை அவ்வப்போது உருவிவிடுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். சாதாரண ஜிமெயில்தான் வைத்திருக்கிறேன். நானும் இதெல்லாம் செய்ய வேண்டுமா?
– மேலூர் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. ஜிமெயில் டொமைன் கூகுளுடையது, ரெக்கார்டும் அவர்கள் பாடு. பழைய மாணவர் சங்கத்துக்கு ஏதாவது மொத்த மின்னஞ்சல் சேவை வழியாகக் கடிதம் போடும்போது மட்டும் அனுப்புநராக உங்கள் ஜிமெயில் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். அது போலிக் கடிதமாகவே பார்க்கப்படும்.

கேள்வி: எங்கள் கல்லூரி அலுவலகத்தில் டிமார்க் போட்டதிலிருந்து கூகுளின் பெயரில் தினம் ஒரு ஜிப் கோப்பு வருகிறது. வைரஸா? திறக்கலாமா? ஒன்றின் நகலை அச்செடுத்து இணைத்திருக்கிறேன்.
– அலுவலகப் பணியாளர், திருப்பரங்குன்றம்

பதில்: நீங்கள் கேட்ட அறிக்கைதான் அது. கோப்பின் பெயர் வேடிக்கையாக இருக்கும்: கூகுள் புள்ளி காம், ஆச்சரியக்குறி, உங்கள் டொமைன், ஆச்சரியக்குறி, பிறகு பத்து இலக்க எண்கள் இரண்டு. அந்த எண்கள் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகள், அறிக்கை எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை என்பதைக் குறிக்கும். உள்ளே ஒரே ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பு இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் தொடாமல் அழித்துவிடுங்கள்.

உங்கள் நகலைப் படித்தேன். ஐந்து வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அனுப்பிய சர்வரின் ஐ.பி. எண், எத்தனை கடிதம், டிகிம் என்ன, எஸ்.பி.எஃப். என்ன. மூன்று வரிசை சுத்தம். ஒன்றில் ஒரே ஒரு கடிதம், எஸ்.பி.எஃப். மட்டும் ஃபெயில். உங்கள் மாணவரோ பெற்றோரோ வந்த கடிதத்தை வேறு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும்படி வைத்திருப்பார். திருப்பிவிட்டால் எஸ்.பி.எஃப். உடையும், அரக்கு முத்திரை உடையாது. கவலை வேண்டாம்.

என் கண்ணை உறுத்தியது நான்காவது வரிசை. 212 கடிதம், இரண்டுமே ஃபெயில். திருடன் என்று உடனே கூச்சல் போடாதீர்கள். அந்த ஐ.பி. எண்ணும் உங்கள் இணையதளம் இருக்கும் சர்வரின் எண்ணும் ஒன்றுதான். அது கட்டண ரசீது அனுப்பும் இடமாக இருக்க வேண்டும். நிதிப் பிரிவில் போய், "அன்று எத்தனை ரசீது போட்டீர்கள்?" என்று கேளுங்கள். 212 என்று சொன்னால் அந்தச் சர்வரை எஸ்.பி.எஃப்.பில் சேர்த்துவிட்டு, இரண்டு வாரம் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் குவாரன்டைனுக்குப் போகலாம். ஹால் டிக்கெட் அனுப்பும் வாரத்தில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ரப்பர் உதிரிபாகம் செய்கிறோம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எங்கள் பெயரில் யாரோ மின்னஞ்சல் அனுப்ப, புனே வாடிக்கையாளர் 1,80,000 ரூபாயை அதில் போட்டுவிட்டார். டிமார்க் இருந்திருந்தால் தப்பித்திருப்போமா?
– சிறுதொழில் முனைவோர், கப்பலூர்

பதில்: முதல் வேலை, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்வது. பணம் போட்டவர் புனேக்காரர், ஆகவே அவரையும் செய்யச் சொல்லுங்கள், அவருடைய வங்கிக்கும் உடனே சொல்லச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தினால்தான் உண்டு.

செய்தாயிற்றா? இப்போது அந்தக் கடிதத்தின் அனுப்புநர் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அது அச்சாக உங்கள் டொமைனே என்றால், டிமார்க் ரிஜெக்டில் இருந்திருந்தால் அவருடைய சர்வர் அநேகமாக அதை வாசலிலேயே திருப்பியிருக்கும். ஆனால் கைதேர்ந்தவன் அப்படி வரமாட்டான். ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'ஆர்' பக்கத்தில் 'என்' போட்டால் கண்ணுக்கு 'எம்' மாதிரி தெரியும். அப்படி ஒரு டொமைனைப் புதிதாக வாங்கி, அதற்கு மூன்று ரெக்கார்டும் ஒழுங்காகப் போட்டு அனுப்புவான். எல்லாம் பாஸ் ஆகும். உங்கள் டிமார்க்குக்கு அங்கே வேலையில்லை.

மூன்றாவது வகைதான் எனக்கு வயிற்றைக் கலக்குவது. கடிதம் உங்கள் அஞ்சல்பெட்டியிலிருந்தே போயிருக்கலாம். இன்வாய்ஸ் எண்ணும் தொகையும் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன். செட்டிங்கில் 'ஃபில்டர்', 'ஃபார்வர்டிங்' இரண்டையும் திறந்து பாருங்கள். நீங்கள் வைக்காத விதி ஏதும் இருந்தால், புனேயிலிருந்து வரும் கடிதங்களை உங்கள் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பது அதுதான். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு அழியுங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். டிமார்க்கை அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம். இனிமேல் இன்வாய்ஸின் அடியில், 'கணக்கு எண் மாறினால் மின்னஞ்சலில் சொல்ல மாட்டோம்' என்று அச்சடித்துவிடுங்கள்.

கேள்வி: டி.என்.எஸ்.ஸில் ரெக்கார்டு போட லாகின் கேட்கிறது. எங்களிடம் இல்லை. ஐந்து ஆண்டுக்கு முன் எல்லாம் செய்துகொடுத்த பையன் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான், போனை எடுப்பதில்லை.
– உரக்கடை, உசிலம்பட்டி

பதில்: கடை உங்களுடையது, பலகை உங்களுடையது, பத்திரம் மட்டும் அவன் பெயரில். இந்த ஒரு கேள்வி வாரத்துக்கு இரண்டு முறை என் கடைக்கு வருகிறது.

முதலில் டொமைன் எந்தக் கம்பெனியில் பதிவாகியிருக்கிறது, என்று காலாவதியாகிறது என்பதை 'ஹூ-இஸ்' தேடலில் பாருங்கள். உரிமையாளர் பெயர் மறைத்திருக்கும், தேதியும் கம்பெனியும் தெரியும். டொமைனுக்கு நீங்கள் பணம் கட்டிய ரசீது, ஜி.எஸ்.டி. சான்றிதழ், கடையின் லெட்டர்பேடு மூன்றையும் வைத்து அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதலாம். பதிவு உங்கள் கடையின் பெயரில் இருந்து, அவனுடைய மின்னஞ்சல் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால் மாற்றுவது எளிது. பதிவே அவன் பெயரில் இருந்தால் அவன் ஒப்புதல் இல்லாமல் அசையாது.

அவன்மேல் கோபப்படாதீர்கள். அன்று உங்களிடம் மின்னஞ்சல் முகவரி இருந்திருக்காது, அவனுடையதைக் கொடுத்திருப்பான். புதுப்பிக்கும் நினைவூட்டல் எல்லாம் இப்போது அவனுக்குத்தான் போகிறது, அவனும் ஸ்பேம் என்று தள்ளிக்கொண்டிருப்பான். அவன் போனை எடுக்காவிட்டால் என்ன, உசிலம்பட்டியில் அவன் அம்மா இருப்பார்கள் அல்லவா? நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது காலாவதித் தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.